கோடு போட்ட கையும் கூட வந்த கருவியும்

1792-இல் மதராஸிலிருந்து புறப்பட்டுத் தென்கோடி வரை ஒரு பரிவாரம் போய்வந்தது. பல்லக்குகளும் சுமையாட்களுமாக நீண்ட அந்த வரிசையில் முக்கியமானவர்கள் இரண்டு ஆங்கில ஓவியர்கள். ஒருவர் தாமஸ் டேனியல், மற்றவர் அவருடைய சகோதரர் மகன் வில்லியம். கோயிலோ கோட்டையோ கண்ணில் பட்டால் நின்று வரைவார்கள்; மறுபடி கிளம்புவார்கள். மதுரையும் தஞ்சாவூரும் அப்படித்தான் அவர்கள் தாளில் ஏறின. இந்தியா முழுக்க அவர்களோடு சுற்றிய சாமான்களில் ஒரு மரப்பெட்டியும் இருந்தது. முகப்பில் ஒரு வில்லை, உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி. எதிரே நிற்கும் கட்டடம் வில்லை வழியாக உள்ளே புகுந்து, கண்ணாடியில் பட்டுத் திரும்பி, மேலே விரித்த மெல்லிய தாளில் பிம்பமாக விழும். அதன் ஓரங்களைப் பென்சிலால் பிடித்துக்கொண்டால் உயரமும் அகலமும் தப்பாது. இதற்குக் கேமரா அப்ஸ்கூரா என்று பெயர்.

லண்டன் திரும்பிய பிறகு, 1795 முதல் 1808 வரை, 'ஓரியண்டல் சீனரி' என்ற தொகுதிகளில் 144 படங்களை அச்சிட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலும் அவற்றில் ஒன்று. பெட்டி கொடுத்தது வெறும் கோட்டுருவம்தான். வெயிலை எந்தப் பக்கம் அடிக்க விடுவது, முன்னால் எந்த மரத்தை நிறுத்துவது, வாசலில் யாரை நடக்க விடுவது என்பதெல்லாம் கை செய்த முடிவுகள்.

கணினி வந்து கைவரைபடத்தைக் கெடுத்துவிட்டது என்ற புலம்பல் கட்டடக் கலைஞர்கள் கூடும் இடங்களில் இன்றும் கேட்கும். ஒரு காலத்தில் கை மட்டும் தனியாக, எந்த எந்திரத்தின் தயவும் இல்லாமல் வரைந்துகொண்டிருந்தது என்ற நம்பிக்கையிலிருந்து வரும் புலம்பல் அது. அந்தக் காலத்தைத் தேடிக்கொண்டு கடந்த இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்குள் போனால் கண்ணில் படுவதெல்லாம் வில்லைகளும் கண்ணாடிகளும் ரசாயனங்களும்தான்.

டேனியல்களின் பெட்டியைத் தூக்கிச் சுமக்க வேண்டியிருந்தது. 1806-இல் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி அதே வேலைக்குச் சட்டைப்பை அளவில் வேறொரு கருவி செய்து காப்புரிமை வாங்கினார். ஒரு சிறிய பட்டகம், அதை மேசையில் பொருத்த ஒரு தண்டு, அவ்வளவுதான். பட்டகத்தின் விளிம்பில் கண்ணை வைத்தால் எதிரே உள்ள காட்சியும் கீழே உள்ள தாளும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். கேமரா லூசிடா எனப்பட்ட இந்தக் கருவி கேட்பதற்குச் சுலபம், கையாள்வதற்குக் கஷ்டம். கண் இம்மி நகர்ந்தாலும் படம் நழுவிவிடும். வரையத் தெரிந்தவருக்கு அது துணை, தெரியாதவருக்கு அவமானம்.

அந்த அவமானம் 1833 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டுக்கு நேர்ந்தது. கணிதம், வேதியியல் எல்லாம் கரைத்துக் குடித்தவர். ஆனால் வரைய வராது. பட்டகத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் தாளில் வெறும் கோணல் கோடுகள். இந்தப் பிம்பம் தானே தாளில் பதிந்துவிட்டால் என்ன என்று அங்கே யோசித்தவர், ஊர் திரும்பி வெள்ளி உப்பு பூசிய தாள்களோடு மல்லுக்கட்டி, புகைப்படக் கலையைப் பிறப்பித்தவர்களில் ஒருவரானார். வரைய வராத கை ஒன்று உலகத்துக்குச் செய்த பெரிய உபகாரம் என்று இதைச் சொல்லலாம்.

அவருடைய நண்பர் ஜான் ஹெர்ஷல் கதை நேர் எதிர். வானியலாளரான அவர் அதே பட்டகத்தை வைத்து அற்புதமாக வரைவார். ஆனால் கட்டடத் தொழிலை ஆட்டிவைத்தது அவருடைய ஓவியங்கள் அல்ல, 1842-இல் அவர் கண்டுபிடித்த ஒரு ரசாயன முறை. இரும்பு உப்புக் கரைசல் ஒன்றைத் தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே ஒரு படத்தை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் ஆழ்ந்த நீலமாகும். கோடு மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். இதுதான் ப்ளூ பிரிண்ட். 1870-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கட்டட, எந்திர அலுவலகங்களுக்குள் நுழைந்தது.

அதற்கு முன் ஒரு வரைபடத்துக்கு நான்கு நகல் வேண்டுமென்றால் ஆட்கள் உட்கார்ந்து நான்கு முறை வரைய வேண்டும். ப்ளூ பிரிண்ட் அந்த வேலையை ஒழித்தது. அதோடு நிற்காமல், மூலப்படம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் செங்கல் சுவருக்கு ஒரு நிறம், கல்லுக்கு ஒரு நிறம், இரும்புக்கு ஒரு நிறம் என்று பிளானில் நீர்வண்ணம் தீட்டுவது வழக்கம். வெயில் நகலில் நிறம் வராது. ஆகவே நிறங்கள் போய், குறுக்குக் கோடுகளும் புள்ளிகளும் வந்தன. சாய்கோடு நிரப்பினால் செங்கல், புள்ளியும் சிறு முக்கோணமும் இட்டால் கான்கிரீட் என்று ஒரு சங்கேத மொழியே உருவாயிற்று. வெளிச்சம் ஊடுருவ வேண்டுமே என்பதற்காகத் தடித்த தாள் போய் மெழுகு போட்டாற்போன்ற ட்ரேசிங் துணியும் ட்ரேசிங் பேப்பரும் வந்தன. இன்று சட்டம் போட்டு மாட்டி, 'கைவரைபடம் என்றால் இதுவல்லவா' என்று பெருமூச்சு விடுகிறோமே, கறுப்பு மையில் ஊசிக் கோடாக நிற்கும் பழைய பிளான்கள், அந்த அழகு ஒரு நகல் எந்திரத்துக்காகக் கை பழகிக்கொண்ட அழகு.

நம் ஊரில் நீலத் தாளுக்குப் பின்னால் வந்த அமோனியா பிரிண்ட்தான் அதிகம் புழங்கியது. இதில் வெள்ளைத் தாளில் நீலமோ ஊதாவோ கோடாக விழும். ட்ரேசிங்கை ரசாயனத் தாளின் மேல் வைத்து எந்திரத்துக்குள் விட்டால், முதலில் விளக்கு வெளிச்சம், பிறகு அமோனியா ஆவி. கடைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கும். பிளான் அப்ரூவலுக்குப் போகும் கட்டு அங்கேதான் தயாராகும். சூடு ஆறாத பிரிண்டை மடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் பறப்பார்கள்.

அந்த ட்ரேசிங்கைப் போட்டவர் ட்ராஃப்ட்ஸ்மேன். ஐ.டி.ஐ.யில் அதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது, இன்னும் இருக்கிறது. சாய்வுப் பலகை, மினி ட்ராஃப்டர், 0.2, 0.4 என்று எண் போட்ட ராட்ரிங் பேனாக்கள், எழுத்துக்கு ஸ்டென்சில். மே மாதச் சென்னையில் வியர்த்த மணிக்கட்டு ட்ரேசிங்கில் பட்டால் அந்த இடம் சுருங்கி, மை பிடிக்காமல் போகும். அதனால் மணிக்கட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு கைக்குட்டை. கோடு தப்பினால் ரப்பர் உதவாது. சவர பிளேடை ஏறக்குறைய படுக்கவைத்து, மையை மட்டும் செதில் செதிலாகச் சுரண்டி, தாள் ஓட்டை ஆகாமல் நகத்தால் வழவழப்பாக்கி, அதன் மேல் மறுபடி கோடு இழுக்க வேண்டும். ஒரே மூலையை இரண்டு, மூன்று முறை மாற்றச் சொன்னால் தாள் தாங்காது. மாற்றச் சொல்லும் ஆர்க்கிடெக்ட்டுக்கு அது தெரியாமல் இருக்காது, சொல்லத்தான் செய்வார்.

இதெல்லாம் நகல், சுத்தப் பிரதி, துல்லியம் சம்பந்தப்பட்ட கதை. முதல் கிறுக்கலின் கதை வேறு.

பார்சிலோனாவுக்கு அருகே கொலோனியா குவெல் என்ற ஆலைக் குடியிருப்பு. அங்கே ஒரு தேவாலயம் கட்ட 1898-இல் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடியிடம் சொன்னார்கள். அவர் வரைபலகை முன் உட்காரவில்லை. ஒரு கொட்டகையின் கூரையிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டார். கயிறுகளில் சின்னச் சின்னப் பைகளைக் கட்டி, உள்ளே ஈயக் குண்டுகளைப் போட்டார். சுமைக்கேற்பக் கயிறு தானாக ஒரு வளைவில் நிற்கும். அதைத் தலைகீழாக்கினால், இழுவிசைக்குப் பதில் அழுத்தம் மட்டுமே தாங்கும் வளைவு கிடைக்கும். கல்லால் கட்ட அதுதான் தோதானது. பத்தில் ஒரு பங்கு அளவில் அமைந்த அந்தக் கயிற்றுக் கட்டடத்தோடு சுமார் பத்து ஆண்டுகள் போராடினார்கள். பிறகு அதைப் புகைப்படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பி, அதன் மேலேயே வண்ணம் தீட்டிச் சுவர், கோபுரம், ஜன்னல் எல்லாவற்றையும் கௌடி வரைந்தார். ஈர்ப்பு விசை கணக்குப் போட்டது, கேமரா நகல் எடுத்தது, கை கட்டடத்தை வரைந்தது. திட்டத்தில் நிலவறைப் பகுதி மட்டுமே கட்டி முடிந்தது. ஆனால் புகைப்படத்தின் மேல் வரைந்த அந்தப் படங்கள், இன்று கணினியில் எடுத்த முப்பரிமாண உருவத்தின் மேல் டேப்லட்டில் வரையும் பழக்கத்துக்குச் சரியான முன்னோடி. பெர்லினில் 1921-இல் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹே, ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸே தெருவின் புகைப்படத்தில் தன் கண்ணாடிக் கோபுரத்தைக் கரியால் வரைந்து நிறுத்தியதும் இதே வழிதான்.

கை போட்ட கோட்டைக் கருவி பின்தொடர முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு சிட்னி ஓபரா ஹவுஸ் சாட்சி. போட்டிக்கு வந்த 233 திட்டங்களில் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்ஸன் ஜெயித்தார் என்று 1957 ஜனவரியில் அறிவித்தார்கள். அவர் சிட்னியைப் பார்த்ததே இல்லை. துறைமுகத்தின் கடல் வரைபடங்களை வைத்து வேலை செய்தவர். அவர் அனுப்பியவை மிக எளிய படங்கள். கூரையாக நிற்கும் சிப்பி போன்ற ஓடுகளின் வளைவு கைபோன போக்கில் போட்டது. அதற்குப் பின்னால் எந்த வடிவக் கணிதமும் கிடையாது. கணிதம் இல்லாத வளைவுக்குப் பொறியாளர் கணக்குப் போட முடியாது. லண்டனில் ஓவ் அரூப்பின் பொறியியல் நிறுவனம் பரவளையம், நீள்வட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக முயன்றது. அந்தக் காலத்தில் அபூர்வமாக இருந்த ஃபெராண்டி பெகாசஸ் கணினியில் நேரம் வாங்கிக் கணக்குப் போட்டது. இதற்கிடையில் அரசியல் அவசரத்தில் 1959-இலேயே அடித்தளத்தை ஆரம்பித்துவிட்டார்கள். கூரையின் எடை முடிவானபோது, ஏற்கெனவே எழுப்பிய தூண்களில் சில அதைத் தாங்காது என்று தெரிந்து, இடிக்க வேண்டியதாயிற்று.

முடிச்சு 1961-இல் அவிழ்ந்தது. எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்திலிருந்து, 75 மீட்டர் ஆரமுள்ள கோளத்திலிருந்து வெட்டியெடுக்கலாம் என்றார் உட்ஸன். அப்போது ஓடுகளைத் தாங்கும் எல்லா விலாக்களுக்கும் ஒரே வளைவு; ஒரே அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வார்க்கலாம். 1973-இல் திறந்த கட்டடம் உலகப் புகழ் பெற்றது. நடுவிலேயே, 1966-இல், கோபித்துக்கொண்டு விலகிய உட்ஸன் அதைப் பார்க்கத் திரும்பவே இல்லை. போட்டிப் படத்தையும் கட்டடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். படத்தில் தாழ்வாக, காற்றில் படுத்தாற்போலிருந்த ஓடுகள் கட்டடத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. விட்டுக்கொடுத்தது கைதான்.

சிட்னியில் கூரை இழுபறி முடியும் நேரத்தில், 1963 ஜனவரியில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 24 வயது இவான் சதர்லாந்து தன் முனைவர் பட்ட ஆய்வைச் சமர்ப்பித்தார். அவர் உருவாக்கிய நிரலின் பெயர் ஸ்கெட்ச்பேட். டிஎக்ஸ்-2 என்ற பெரிய கணினியின் சிறு திரையில் ஒளிப்பேனாவால் தொட்டு இழுத்தால் கோடு நீளும். பொத்தானை அழுத்தினால் இரண்டு கோடுகள் இணையாகும், நான்கு பக்கங்கள் சமமாகும். ஒரு ஜன்னலை ஒருமுறை வரைந்து பல இடங்களில் நிறுத்திவிட்டு மூலத்தை மாற்றினால், எல்லா ஜன்னல்களும் மாறும். ட்ராஃப்ட்ஸ்மேன் பிளேடு எடுக்கும் வேலையே இல்லை. கணினியில் வரைதல் என்ற துறைக்கே பிள்ளையார் சுழி அதுதான்.

ஆனால் அதில் கிறுக்க முடியாது. கை நடுங்கினாலும் கோடு நேராகத்தான் விழும். தயங்கினாலும் தயக்கம் பதியாது. இதை ஒரு குறையாகக் கண்டவர்கள் அதே எம்.ஐ.டி.யில் இருந்தார்கள். கட்டடக் கலை படித்த நிக்கொலஸ் நெக்ரோபான்ட்டே 1967-இல் தொடங்கிய குழுவில், 1970-களின் முற்பகுதியில் ஜேம்ஸ் டாகர்ட் என்பவர் 'ஹன்ச்' என்றொரு நிரலை எழுதினார். அது கோட்டைத் திருத்த அவசரப்படாது. வரைபவர் அதை எவ்வளவு அழுத்தி, எவ்வளவு வேகமாகப் போட்டார் என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யும். மெதுவாக, அழுத்திப் போட்ட வளைவு என்றால் மனதறிந்து போட்டது, விட்டுவிட வேண்டும். வேகமாக இழுத்தது என்றால் நேர்க்கோடாக எடுத்துக்கொள்ளலாம். பேனா வேகம் குறைந்து திரும்பினால் அங்கே ஒரு மூலை. வரைபவரின் மனதை அவர் கைவேகத்தில் படிக்கும் இந்த முயற்சி அன்றைய கணினிகளின் சக்திக்கு மீறியது, சந்தைக்கு வரவில்லை.

சந்தைக்கு வந்தது சதர்லாந்தின் வழி. 1982 டிசம்பரில் வெளியான ஆட்டோகேட் சாதாரண மேசைக் கணினியில் ஓடியது; விலை சுமார் 1000 டாலர். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சாய்வுப் பலகைகள் மொட்டை மாடிக்குப் போயின. உண்மையான இழப்பு யாருக்கு என்று கேட்டால், ஆர்க்கிடெக்ட்டுக்கு அல்ல. அவருடைய பென்சிலை யாரும் பிடுங்கவில்லை. பிளேடால் சுரண்டத் தெரிந்தவரின் இருபது வருடக் கைத்திறனுக்குத்தான் விலையில்லாமல் போனது. சிலர் மாலை நேரக் கணினி வகுப்பில் சேர்ந்து மௌஸ் பிடித்தார்கள், சிலர் பிடிக்கவில்லை.

வேடிக்கை அதற்கப்புறம்தான். கணினிப் படத்தைக் காட்டினால் வீட்டுக்காரர் பயந்தார்: எல்லாம் முடிவாகிவிட்டது போலிருக்கிறதே, இனி மாற்றம் சொல்ல முடியாதோ! ஆகவே நேர்க்கோட்டை வேண்டுமென்றே நடுங்கவைக்கும் மென்பொருள்கள் வந்தன. 2000-இல் வந்த ஸ்கெட்ச்அப்பின் அமைப்புகளில் மூலைகளில் கோடு கொஞ்சம் தாண்டிப் போகும் வசதி உண்டு. பலகையில் வரைபவர்கள் மூலை விட்டுப்போகக் கூடாதே என்று சற்றே தாண்டி இழுக்கும் பழக்கத்தை எந்திரம் காப்பியடித்தது.

கையை அதன் போக்கில் விட்டுவிட்டு எந்திரம் பின்னால் ஓடிய கதை பில்பாவோவில் நடந்தது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி கணினியைத் தொடாதவர். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் நூல் சிக்கலைப் போல இழுத்துக்கொண்டே போவார். 1991-இல் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் குக்கன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய முந்தைய வளைவுகளுக்கு ஒப்பந்தக்காரர்கள் பயந்துபோய் விலையை ஏற்றிச் சொல்வது வழக்கம். தட்டையான பிளானையும் எலிவேஷனையும் வைத்து அந்த உருவத்தை அளக்கவே முடியாது. அவர் அலுவலகத்தைச் சேர்ந்த ஜிம் கிளிம்ஃப் தீர்வைத் தேடிப் போய்ச் சேர்ந்த இடம் விமானத் தொழிற்சாலை. மிராஜ் போர் விமானங்களை வடிவமைக்க பிரான்ஸின் டசோ நிறுவனம் எழுதிய காட்டியா என்ற மென்பொருள் வளைந்த பரப்புகளை அப்படியே கையாளும். 1992 ஒலிம்பிக்ஸுக்காக பார்சிலோனா கடற்கரையில் நிறுத்திய பெரிய உலோக மீனில் அதை முதலில் சோதித்தார்கள்.

பில்பாவோவில் வேலை இப்படி நடந்தது. கிறுக்கலிலிருந்து தாளிலும் மரத்திலும் மாதிரி செய்வார்கள். கெரி அதைக் கிழிப்பார், கசக்குவார், ஒட்டுவார். மனசுக்குப் பிடித்த மாதிரி அமைந்ததும், மூட்டுள்ள ஒரு கோலின் நுனியால் அதன் பரப்பைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு கணினிக்குள் ஏற்றுவார்கள். அங்கே அது காட்டியாவில் பரப்பாக மாறும். இரும்புச் சட்டகத்தின் துண்டுகளில் பார்கோடு ஒட்டியிருந்தது. தளத்தில் அதை வருடினால் அந்தத் துண்டு எங்கே உட்கார வேண்டும் என்ற ஆயத்தொலைவுகள் வரும். லேசர் வைத்து நிறுத்துவார்கள். அளவு டேப்புக்கு அங்கே வேலையில்லை. மேலே சுமார் 33,000 டைட்டானியத் தகடுகள். தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 1997 அக்டோபரில் திறந்தார்கள், நேரத்துக்கும் செலவுக்கும் பங்கம் வராமல். சிட்னியில் கோளத்துக்குள் அடங்க வேண்டியிருந்த கை, இங்கே அடங்க வேண்டியிருக்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கெரிக்குப் பிறகு வந்த கட்டடங்களில் கிறுக்கலே இல்லாத வளைவுகள் ஏராளம். மென்பொருள் வளைக்கும், அதனால் வளைந்திருக்கும். 2012-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் மைக்கேல் கிரேவ்ஸ் நியூயார்க் டைம்ஸில் கைவரைபடத்துக்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். கணினியை ஒதுக்கச் சொல்லவில்லை; முடிந்த படத்துக்கு அது போதும், யோசிக்கும் படத்துக்குப் போதாது என்பது அவர் கட்சி. மூன்றே ஆண்டுகளில், 2015-இல், ஐபேட் ப்ரோவோடு ஆப்பிள் பென்சில் வந்தது. அழுத்தத்துக்கும் சாய்வுக்கும் ஏற்பக் கோடு தடிக்கும், மெலியும். ஹன்ச் அளக்க முயன்ற அதே அழுத்தம். இன்று தளத்தில் நின்று போட்டோ எடுத்து, அதன் மேல் ஒரு லேயர் விரித்து வரைகிறார்கள். பிடிக்கவில்லையென்றால் அதை மூடிவிட்டு இன்னொன்று. ட்ரேசிங் பேப்பரை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு வரைந்த தலைமுறைக்கு அந்த லேயர் புதிதல்ல.

இந்தியாவில் கையா, கணினியா என்ற கேள்வி இப்போது நுழைவுத் தேர்வில் வந்து நிற்கிறது. கட்டடக் கலைக் கவுன்சில் 2006-இலிருந்து நடத்தும் நாட்டா தேர்வில் கையால் வரையும் பகுதி ஒன்று உண்டு. கொரோனா காலத்தில் அதை எடுத்துவிட்டு முழுத் தேர்வையும் கணினிக்கு மாற்றினார்கள். வரையவே தெரியாமல் பி.ஆர்க். வகுப்புக்கு வரலாம் என்ற நிலை சில ஆண்டுகள் நீடித்தது. 2024-இல் வரைபடம் திரும்பி வந்தது: மொத்தம் 200 மதிப்பெண்ணில் 80 கைக்கு, மிச்சம் கணினித் திரைக்கு. கைப் பகுதியில் வண்ணப் படம் ஒன்று, கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. மூன்றாவதாக, தேர்வு அறையிலேயே கொடுக்கும் பொருள்களை வைத்து ஒரு முப்பரிமாண உருவம் செய்துகாட்ட வேண்டும். ஜேஇஇயின் பி.ஆர்க். தாளில் கணிதம் கணினியில், வரைபடம் மட்டும் பென்சிலும் தாளுமாக என்ற ஏற்பாடு முன்பே இருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் இப்போது ஒரே பையில் நுழைவுச் சீட்டையும் கலர் பென்சில் டப்பாவையும் போட்டுக்கொண்டு தேர்வு மையத்துக்குப் போகிறார்கள். வரைதல் வகுப்பு எடுப்பவர்களுக்கு மறுபடி கிராக்கி வந்துவிட்டது.